அப்பா கேண்டி க்ரஷ் ஆடினால் மறதி வராதா?

கேள்வி இது: 71 வயது அப்பா ஓய்வுபெற்றபின் பொழுதெல்லாம் போனில் கேண்டி க்ரஷ் ஆடுகிறார். அம்மா திட்டுகிறார். "மூளைக்கு நல்லது, மறதி வராது" என்று அப்பா வாதாடுகிறார். யார் சொல்வது சரி? காசு கட்டி மூளைப் பயிற்சி ஆப் ஏதாவது வாங்கித் தரலாமா?

கேண்டி க்ரஷ்ஷைப் பொறுத்தவரை அம்மா பக்கம்தான் நியாயம் கூடுதல். வீடியோ கேம் என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. ஐந்நூறாவது லெவலிலும் அப்பாவின் மூளை ஐம்பதாவது லெவலில் செய்த அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். முதியவர்களிடம் பலன் காட்டிய விளையாட்டுகளைப் பார்த்தால், ஆடுபவர் தேறத் தேற ஆட்டமும் கடினமாகிக்கொண்டே போயிருக்கிறது; இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒன்றைக் கற்றே தீர வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தியிருக்கிறது. கை பழகிப்போன ஆட்டம் நல்ல பொழுதுபோக்கு. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட ஆய்வு 2013 செப்டம்பரில் 'நேச்சர்' இதழின் அட்டைக் கட்டுரையாக வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஆடம் கஸாலி என்ற நரம்பியல் அறிஞரின் குழு, நியூரோரேஸர் என்ற விளையாட்டைத் தாங்களே உருவாக்கியிருந்தார்கள். வளைந்தும் ஏறி இறங்கியும் போகும் சாலையில் ஜாய்ஸ்டிக்கால் காரைத் தடம் விலகாமல் ஓட்ட வேண்டும். நடுநடுவே திரையில் குறியீடுகள் தோன்றி மறையும். சொல்லப்பட்ட நிறமும் வடிவமும் சேர்ந்து வந்தால் மட்டும் பட்டனை அமுக்க வேண்டும், மற்றதற்கெல்லாம் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். 60 முதல் 85 வயது வரை உள்ளவர்கள் இதை வீட்டிலேயே மடிக்கணினியில் ஆடினார்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு மாதம். மொத்தம் 12 மணி நேரம்தான். முடிவில், ஒரே சமயத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பதில் அந்த ஆட்டத்தையே ஆடிப் பழகாத இருபது வயதுக்காரர்களை இவர்கள் முந்திவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்தத் தேர்ச்சி கலையவில்லை.

ஆடிய ஆட்டத்தில் ஒருவர் தேறுவது பெரிய செய்தியா? இல்லை. செய்தி வேறு இடத்தில் இருந்தது. ஆட்டத்துக்குத் தொடர்பே இல்லாத சோதனைகளிலும், அதாவது நீண்ட நேரம் கவனம் சிதறாமல் இருப்பதிலும், ஒரு தகவலைச் சில நொடிகள் மனதில் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்வதிலும் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். இன்னொரு குழுவுக்கும் அதே விளையாட்டு, அதே 12 மணி நேரம் கொடுக்கப்பட்டது. ஆனால் அவர்கள் ஓட்டுவதைத் தனியாகவும் குறியீடு பார்ப்பதைத் தனியாகவும் செய்தார்கள். அவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே, திரையோ கிராபிக்ஸோ இதைச் செய்யவில்லை. இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று மோதும்போது எதை விட்டு எதைப் பிடிப்பது என்று முன்மூளை திணறும் அல்லவா, அந்தத் திணறலைச் சமாளித்துப் பழகியதுதான் வேலை செய்தது. வயதானால் தளர்பவற்றில் அதுவும் ஒன்று. சமையலறையில் யாரோ கூப்பிட்டதும் அடுப்பில் வைத்த பாலை மறப்பது ஞாபகசக்தியின் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது கவனத்தின் கோளாறு.

இதைப் படித்துவிட்டு உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒன்றும் ஆடாத ஒரு குழுவும் இருந்தது; மூன்று குழுக்களையும் சேர்த்து அந்த ஆய்வில் இருந்தவர்கள் 46 பேர். குழுவுக்குப் பதினைந்து பேர் என்பது ஒரு கல்யாண வேனில் ஏறும் கூட்டம். இதன் தொடர்ச்சியாக கஸாலி இணை நிறுவனராக இருந்த அகிலி நிறுவனம் ஒரு விளையாட்டை உருவாக்கி 2020 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் பெற்றது. அந்த அனுமதி கவனக்குறைவுக் கோளாறு உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்காக. "அமெரிக்க அரசே அங்கீகரித்த மூளை விளையாட்டு" என்று தாத்தா பாட்டிகளுக்கு யாராவது விற்க வந்தால் இந்த விவரம் நினைவில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், இதைவிடக் கனமான சான்று பார்க்கவே சலிப்பூட்டும் ஒரு பயிற்சியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து 'ஆக்டிவ்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. முதல் முடிவுகள் 2002-இல் வெளியாயின. ஒரு குழுவுக்கு ஞாபகம் வைக்கும் உத்திகள் சொல்லிக்கொடுக்கப்பட்டன. இன்னொரு குழுவுக்குத் தர்க்கப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு வேகப் பயிற்சி: கணினித் திரையின் நடுவில் ஒரு வண்டி மின்னி மறையும், அதே கணத்தில் ஓரத்தில் இன்னொன்று மின்னும், நடுவில் வந்தது காரா லாரியா, ஓரத்தில் வந்தது எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, படம் தெரியும் நேரம் குறைந்துகொண்டே போகும். நான்காவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. பயிற்சி மொத்தம் பத்து அமர்வுகள், ஐந்தாறு வாரங்கள். பின்னால் சிலருக்கு மட்டும் நினைவூட்டல் அமர்வுகள்.

அவரவர் எதைப் பழகினார்களோ அதில்தான் தேறினார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது தர்க்கப் பயிற்சியின் பலனும் வேகப் பயிற்சியின் பலனும் இன்னும் தெரிந்தன. ஞாபகப் பயிற்சியின் பலன் கரைந்துபோயிருந்தது. 2017-இல் வந்த இன்னொரு கணக்கில், வேகப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பத்தாண்டுகளில் டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் மறதி நோய், வரும் ஆபத்து 29 சதவீதம் குறைவாக இருந்தது. கூடுதல் அமர்வுகளுக்கு வந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் குறைவு. ஞாபகப் பயிற்சிக்கும் தர்க்கப் பயிற்சிக்கும் அப்படி எதுவும் நிலைநாட்டப்படவில்லை. மறதியைத் தடுக்க ஞாபகத்தைப் பழக்க வேண்டும் என்றுதான் யாருமே நினைப்போம். ஆனால் ஞாபக உத்திகளை ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துப் பயன்படுத்த வேண்டும். வகுப்பு முடிந்தால் அதை விட்டுவிடுவோம். வேகப் பயிற்சி அப்படியில்லை, நீச்சலைப்போல உடம்போடு தங்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு: யாருக்கு டிமென்ஷியா என்பதை மருத்துவர் ஒவ்வொருவரையும் முழுமையாகப் பரிசோதித்து முடிவுசெய்யவில்லை, எளிய சோதனை மதிப்பெண்களையும், அவர்களும் வீட்டாரும் சொன்ன தகவலையும் வைத்துத்தான் கணக்கிட்டார்கள்.

இனி, காசு கட்டும் ஆப் விஷயம்.

ஜப்பானில் தொஹோகு பல்கலைக்கழகத்தின் ரியூதா கவாஷிமாவின் பெயரோடு 2005-இல் நின்டெண்டோ வெளியிட்ட மூளைப் பயிற்சி விளையாட்டுதான் இந்தச் சந்தையைப் பெரிதாக்கியது. பிறகு லூமோசிட்டி போன்ற மூளைப் பயிற்சி ஆப்கள் வந்தன. 2010-இல் பிபிசியோடு சேர்ந்து ஏட்ரியன் ஓவன் குழு 11,430 பேரை ஆறு வாரம் கணினியில் பயிற்சி செய்யவைத்தது. பழகிய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் தேறினார்கள்; பழகாத எதிலும் தேறவில்லை. அவர்கள் அறுபது வயது வரை உள்ளவர்கள்தான் என்பதால் முதியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. 2014 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு நீடாயுள் மையமும் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி நிறுவனமும் முன்னெடுத்த அறிக்கையில் எழுபது பேர் அளவில் அறிஞர்கள் கையெழுத்திட்டார்கள்: மூளை விளையாட்டு விற்பவர்கள் சொல்வதற்கு அறிவியலில் ஆதாரம் போதாது என்று. இரண்டே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு அறிஞர்கள் மறுப்புக் கடிதம் எழுதினார்கள்: ஆதாரம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சண்டை பெயருக்குத்தான். ஆதாரம் சில பயிற்சிகளுக்கு உண்டு, விளம்பரங்களுக்கு இல்லை என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2016 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் தவறான விளம்பரத்துக்காக லூமோசிட்டி நிறுவனத்திடம் 20 லட்சம் டாலர் வாங்கியது. அந்த ஆப்பை ஆடினால் வயதால் வரும் மறதி தள்ளிப்போகும் என்று விளம்பரம் செய்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2022-இல் வந்தது. கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் லேசான மறதி ஏற்கனவே தொடங்கிவிட்ட 107 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கணினி மூளை விளையாட்டுகள், மறு பாதிக்குக் கணினியில் குறுக்கெழுத்துப் புதிர். 78 வாரம் தொடர்ந்தது. ஆராய்ந்தவர்கள் எதிர்பார்த்தது விளையாட்டு ஜெயிக்கும் என்று, ஜெயித்தது குறுக்கெழுத்து. நினைவாற்றல் சோதனையிலும் அன்றாட வேலைகளைச் செய்துகொள்வதிலும் புதிர்க்காரர்கள் மேலாக இருந்தார்கள், ஸ்கேனில் மூளைச் சுருக்கமும் அவர்களுக்குக் குறைவு. மறதி சற்று முற்றியவர்களிடம்தான் இந்த வித்தியாசம் தெளிவாக இருந்தது. ஆரம்ப நிலையில் இரண்டும் சமம். சந்தா கட்டுவதற்கு முன் வீட்டுக்கு வரும் நாளிதழின் குறுக்கெழுத்துப் பக்கத்தை அப்பாவிடம் நீட்டிப் பாருங்கள். அதுவும் சவாலாக இருக்கும் அளவுக்குக் கடினமானதாக இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவதாக இருந்தால் பயனில்லை.

அப்படியானால் சாதாரண வீடியோ கேம்களுக்குப் பலனே இல்லையா என்றால், சிலவற்றுக்கு இருக்கிறது. கேண்டி க்ரஷ் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு சோதனையை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் செய்தார்கள். 60 முதல் 80 வயதுவரை உள்ள, கேம் ஆடிப் பழக்கமில்லாதவர்களில் ஒரு சாராருக்கு முப்பரிமாண சூப்பர் மாரியோ, ஒரு சாராருக்கு ஆங்ரி பேர்ட்ஸ், மற்றவர்களுக்குச் சொலிட்டேர் சீட்டாட்டம். நான்கு வாரம், நாளுக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம். சொலிட்டேர் ஆடியவர்களின் நினைவாற்றலில் மாற்றமில்லை. ஆங்ரி பேர்ட்ஸ் தொடக்கத்தில் கொஞ்சம் தூக்கிவிட்டு நின்றுவிட்டது. மாரியோ ஆடியவர்கள் மேலும் முன்னேறினார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதே: மாரியோவில் ஒவ்வொரு கட்டமும் புது உலகம், எங்கே கதவு, எங்கே பள்ளம், எந்த வழியாக வந்தோம் என்று மனதுக்குள் வரைபடம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வரைபட வேலையைச் செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான் அல்சைமர் நோயில் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று. 2017-இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 55 முதல் 75 வயதினரை ஆறு மாதம் சூப்பர் மாரியோ 64 ஆடவைத்து ஸ்கேன் எடுத்தபோது ஹிப்போகாம்பஸில் சாம்பல் நிறப் பகுதி கூடியிருந்தது. ஒன்றும் செய்யாதவர்களுக்குக் குறைந்திருந்தது. கணினி மூலம் பியானோ கற்ற இன்னொரு குழுவுக்கு முன்மூளையின் வேறொரு பகுதியில் கூடியிருந்தது. மொத்தமே 33 பேர்தான். ஆனாலும் பியானோ குழுவை நான் மறப்பதில்லை. கேம் ஆடப் பிடிக்காத அம்மாவுக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது.

கணினியில் ராஜ்ஜியம் கட்டி ஆளும் 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' என்ற வியூக விளையாட்டை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலும் தர்க்கத்திலும் முன்னேற்றம் கண்டதாக 2008-இல் எழுதினார்கள். பயிற்சி 23 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அந்த ஆய்வில் இருந்த வால்டர் பூட் பின்னர் செய்த சோதனையின் முடிவு 2013-இல் வந்தது. இந்தத் துறையில் இருப்பவர்கள் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டியது அது. முதியவர்கள் கையில் மாரியோ கார்ட் என்ற கார் பந்தய விளையாட்டைக் கொடுத்தார்கள். இளைஞர்களின் கவனத்தைக் கூர்மையாக்குவது வேகமான அதிரடி விளையாட்டு என்பதால் இவர்களுக்கும் உதவும் என்று கணக்கு. தாத்தா பாட்டிகளுக்கு அது பிடிக்கவே இல்லை. சொன்ன நேரத்துக்கு வெகு குறைவாகவே ஆடினார்கள். பலனும் இல்லை. மூளைக்கு நல்லது என்று எதை வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம்; பிடிக்காததை யாரும் மூன்று மாதம் செய்யமாட்டார்கள்.

பிடித்துப்போனால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜப்பானின் அகிதாவில் 2021 முதல் 'மதாகி ஸ்னைப்பர்ஸ்' என்று முதியோர் இ-ஸ்போர்ட்ஸ் அணி, அதாவது வீடியோ கேம் போட்டி அணி, இருக்கிறது. ஸ்வீடனில் 'சில்வர் ஸ்னைப்பர்ஸ்' துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கவுன்டர் ஸ்ட்ரைக்கில் போட்டிகளுக்கே போனார்கள். கோபே நகரில் 2020-இல் முதியவர்களுக்கென்றே ஒரு இ-ஸ்போர்ட்ஸ் கூடம் திறந்தார்கள். இவற்றையெல்லாம் மூளைச் சிகிச்சையாக நான் பார்க்கவில்லை. வீட்டைவிட்டு வெளியே வந்து நாலு பேரோடு சிரித்துப் பேச ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது, அதுவே பெரிய லாபம்.

உடம்பும் சேர்ந்து அசைந்தால் இன்னும் நல்லது. நியூயார்க் மாநில முதியோர் குடியிருப்புகளில் ஒரு பகுதியினருக்குச் சாதாரண உடற்பயிற்சி சைக்கிளும், மற்றவர்களுக்குத் திரையில் சாலையும் போட்டியாளர்களும் தெரியும் சைக்கிளும் கொடுத்தார்கள். 2012-இல் வந்த முடிவு: மிதித்த அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், திரை பார்த்து மிதித்தவர்களின் திட்டமிடும் திறன் அதிகம் தேறியது. முழங்கால் வலி, தலைசுற்றல், கீழே விழுந்த அனுபவம் உள்ளவர்களிடம் நின்று ஆடும் மோஷன் விளையாட்டுகளைக் கொடுத்துவிடாதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் இத்தனை ஆய்வும் வீண்.

இன்னொரு விஷயம், விளையாட்டு நோயைக் கண்டுபிடிக்கவும் உதவலாம். 2016-இல் வெளியான 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற மொபைல் விளையாட்டில் படகோட்டிக்கொண்டு கடலில் வழி கண்டுபிடிக்க வேண்டும். உலகம் முழுக்க நாற்பது லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு உள்ளவர்கள், ஞாபகச் சோதனைகளில் ஒரு குறையும் தெரியாத நிலையிலேயே, இதில் நேர்வழியை விட்டுச் சற்றுச் சுற்றிப் போனது 2019-இல் தெரியவந்தது. அதே தரவிலிருந்து 2022-இல் வந்த இன்னொரு முடிவு: நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள், கட்டம் கட்டமான தெருக்கள் உள்ள ஊரில் வளர்ந்தவர்கள் பின்தங்குகிறார்கள். கிராமத்தில் வளர்ந்த அப்பாக்கள் மீசையை முறுக்கிக்கொள்ளலாம்.

பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். மேலே சொன்ன மாதிரி ஆய்வுகளின் பலத்தோடு அவற்றைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. ஆனால் ஆடுபுலியில் எதிராளியின் அடுத்த மூன்று நகர்வை யோசிக்க வேண்டியிருக்கிறது, எதிரே பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டும் கேண்டி க்ரஷ்ஷில் கிடையாது.

பணம் வைத்து ஆடும் ரம்மியை இந்தப் பேச்சிலேயே சேர்க்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதன் பிறகும் போனில் இணைப்பு அனுப்பி அழைப்பவர்கள் இருக்கிறார்கள், ஓய்வூதியக் கணக்கு வைத்திருப்பவர்கள்தான் அவர்களுக்கு வசதியான இரை. அப்பாவின் போனில் ஆப் வழியாகப் பணம் செலுத்தும் வசதியைக் கடவுச்சொல் போட்டு அடைத்துவிடுங்கள்.

இப்போது, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன். ஆப் பக்கம் போவதற்கு முன் அப்பாவின் காதைச் சோதிப்பேன். 'லான்செட்' மருத்துவ இதழ் டிமென்ஷியா பற்றி அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. காது கேளாமை, கண்பார்வைக் குறை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, நடமாட்டமின்மை, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வீடியோ கேம் ஆடாமை இல்லை. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்வதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. இவர்களில் எத்தனை வீடுகளில் "மெஷின் வைத்தால் கிழவன் மாதிரி தெரியும்" என்று காதுக் கருவியை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களோ! ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரை வைத்து நடத்தி 2015-இல் வெளியிட்ட 'ஃபிங்கர்' ஆய்வில் கணினி வழி மூளைப் பயிற்சியும் இருந்தது, ஆனால் தனியாக இல்லை. உணவு, உடற்பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றோடு நான்கில் ஒன்றாக இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். பலன் அந்த மொத்தத்துக்குத்தான்.

அதன் பிறகு விளையாட்டு. டேப்லெட்டோ டிவியோ பெரிய திரையாகப் பாருங்கள். சின்ன போனில் கண்ணும் கழுத்தும்தான் தேயும். முப்பரிமாண உலகில் சுற்றித் திரியும் ஏதாவதொன்றை நீங்களோ பேரனோ பக்கத்தில் உட்கார்ந்து ஆடக் கற்றுக்கொடுங்கள். முதல் சில நாட்கள் எந்தக் கையால் எதை அமுக்குவது என்றே எரிச்சல் வரும், சிலருக்குக் குமட்டும். குமட்டினால் அந்த விளையாட்டை விட்டுவிடுங்கள். எரிச்சல் மட்டும்தான் என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி. நாளுக்கு அரை மணி, முக்கால் மணி போதும். ராத்திரி படுக்கையில் வேண்டாம். சுலபமாகிவிட்டது என்று தோன்றும் நாளில் வேறு விளையாட்டுக்கு மாற்றிவிடுங்கள். கேண்டி க்ரஷ்ஷைப் பிடுங்கவும் தேவையில்லை, நடைப்பயிற்சியையும் நண்பர்களையும் அது தின்றுவிடாத வரை.

கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், தெரிந்த தெருவில் வழி தவறுகிறார், வங்கிக் கணக்கில் குழம்புகிறார், நாள்தோறும் ஆடிய ஆட்டத்தின் விதியே திடீரென்று பிடிபடவில்லை என்றால் எந்த விளையாட்டையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நேரே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டையும் பி12 வைட்டமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். அதனால் வரும் மறதியை நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்தில் சரிசெய்ய வாய்ப்பிருக்கிறது.